அம்மாவுக்கு லாஃப்ட் அறை: கூரையைப் பார்க்கும் முன் படியைப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் நடு வீடு ஒன்று எங்களுடையது. ஒரு பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கட்டி நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். மாடியில் மூன்று படுக்கையறை. மூன்றாவது அறையில் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. மகனுக்கு 14, மகளுக்கு 9. அப்பா போன பிறகு திருநெல்வேலியில் தனியாக இருக்கும் அம்மா, இனி வரும்போதெல்லாம் ஆறு மாதம் எங்களோடு இருக்கப் போகிறார். அவருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. லாஃப்ட்டை, அதாவது கூரைக்கு அடியில் உள்ள இடத்தை, அறையாக்கி அம்மாவுக்குக் கொடுத்தால் சத்தமில்லாமல் நிம்மதியாக இருப்பார் என்று நினைக்கிறோம். ஒரு பில்டர் 28,000 பவுண்டு கேட்கிறார். தரைக்குப் பலகை, கூரையில் இரண்டு ஜன்னல், மடக்கு ஏணி. "ஸ்டோர் ரூம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவுன்சிலுக்கே போக வேண்டாம்" என்கிறார். (கவுன்சில் என்பது எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகம்.) இன்னொருவர் பின்பக்கம் டார்மர், அதாவது கூரைச் சரிவிலிருந்து நிமிர்ந்து நீளும் ஜன்னல் கட்டுமானம், எழுப்பி, குளியலறையும் சேர்த்து 74,000 கேட்கிறார். முகட்டுக் கட்டையின் அடியிலிருந்து கீழே உள்ள மரச்சட்டத்தின் மேல்முனை வரை 2.45 மீட்டர் இருக்கிறது. ஆறு படங்களும் அவருடைய விலைப்பட்டியலும் அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு படங்களையும் பார்த்தேன். கூரைக்குள் டார்ச் அடித்து எடுத்த ஐந்தும் நல்ல படங்கள், அவற்றைப் பிறகு பார்ப்போம். என்னை நிறுத்தி வைத்தது ஆறாவது படம். வாசல் கதவைத் திறந்தபடி, வீட்டைக் காட்டுவதற்காகச் சும்மா எடுத்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம், சோஃபா, டிவி, சோஃபாவின் முதுகை ஒட்டி மாடிப்படி. சீலிங்கில் வாசலிலிருந்து படியின் அடி வரை நேராக ஒரு கோடு ஓடுகிறது, பூச்சு அங்கே மட்டும் லேசாகப் புடைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சுவர் இருந்திருக்கிறது. வாசல் நடையையும் முன்னறையையும் பிரித்த சுவர். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இடம் விசாலமாக இருக்கட்டும் என்று எடுத்திருப்பார்கள். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் நான் போன பல வீடுகளில் இதே கதைதான்.

உங்கள் லாஃப்ட் அறையை முடிவு செய்யப் போவது கூரை அல்ல, அந்தக் கோடுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அம்மாவைப் பற்றி.

அம்மாவை லாஃப்ட்டில் வைக்காதீர்கள். பில்டர் யாராக இருந்தாலும், எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் என் பதில் இதுதான். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு மாடி ஏறுவதே பாடு, நீங்கள் இரண்டு மாடி ஏறச் சொல்கிறீர்கள். லாஃப்ட் படி சாதாரணப் படியைவிடச் செங்குத்தாகத்தான் அமையும். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க, கால்மாட்டு விளக்கு கூட இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஊரில் தெருவைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நாம் "நிம்மதி" என்று நினைத்துக் கொடுக்கும் இடம், வீட்டுப் பேச்சு எதுவும் காதில் விழாத உச்சி அறையாகப் போய்விடும். நான்கு நாள் மூட்டு வலி என்றால் அவர் கீழே வரமாட்டார், சாப்பாட்டுத் தட்டு மேலே போகும்.

நீங்களும் கணவரும் மேலே போங்கள். முதல் மாடியில் குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் பின்னறையை அம்மாவுக்குக் கொடுங்கள். அவர் ஊருக்குப் போன மாதங்களில் அது மகளுடைய அறை. அப்போது அந்தச் சின்ன மூன்றாவது அறை படிப்பறையாகட்டும். லாஃப்ட் கட்டும் எண்ணத்தை நான் தடுக்கவில்லை, யார் எங்கே படுப்பது என்பதை மட்டும் மாற்றிப் போடச் சொல்கிறேன்.

இப்போது 28,000 பவுண்டுக்கு வருவோம். பரணில் பெட்டி வைக்கப் பலகை போட்டுக்கொள்வதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. நம் வீடுகளில் பரண் எதற்கு? பித்தளைப் பாத்திரம், கொலு பொம்மைப் பெட்டி, பழைய பாய். ஆனால் அங்கே ஒரு கட்டிலைப் போட்டு மனிதர் படுத்தால், பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும் அது படுக்கையறை. ஜன்னல் வைக்கக் கைமரத்தை வெட்டினாலே கட்டிட விதிமுறை ஒப்புதல் வேண்டும்.

வெறும் விதி என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது படத்தில் கண்ணாடிக் கம்பளிக்கு நடுவில் தலை நீட்டும் மரச்சட்டங்களைப் பாருங்கள். டேப்பை அதன் மேல் வைத்து எடுத்திருக்கிறீர்கள், உயரம் 100 மி.மீ., தடிமன் 50 மி.மீ. அது தரைக்காகப் போட்ட சட்டம் இல்லை, கீழறையின் சீலிங்கைத் தாங்கப் போட்டது. அந்த மாதிரிச் சட்டத்துக்கு, எப்போதாவது தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறுபவரையும் இரண்டு பெட்டியையும் கணக்கில் கொண்டு, சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று பாரம் வைத்துக்கொள்வோம். படுக்கையறைத் தரை என்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆறு மடங்கு. மேலே பலகை அடித்து, கார்ப்பெட் விரித்து, சுவருக்கு வெள்ளை அடித்தால் ஆறு மடங்கு பலம் வந்துவிடாது.

சில வருடங்களுக்கு முன் இப்படி முடித்த ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேலே அழகான அறை. நடுவில் நின்று குதிகாலை லேசாகத் தூக்கி இறக்கினேன். மேசையில் இருந்த தம்ளரில் தண்ணீர் ஆடியது. கீழே குழந்தைகள் அறைக்குப் போய்ப் பார்த்தால், சீலிங்கில் கட்டிலுக்கு நேர் மேலே மயிரிழை போல விரிசல், பக்கத்திலேயே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒரு தட்டு அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினேன், பறை மாதிரிச் சத்தம். அந்தக் கட்டிலை அப்போதே வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். அந்தக் குடும்பம் பிறகு எல்லாவற்றையும் பிரித்து முறையாகக் கட்ட, முதலில் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

வீட்டை விற்கும்போதும் இது முன்னால் வந்து நிற்கும். வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது வேலை முடிவுச் சான்றிதழை. அது இல்லையென்றால் விளம்பரத்தில் "நான்கு படுக்கையறை" என்று போட முடியாது, வங்கி தயங்கும். வீட்டுக் காப்பீட்டுக்காரரும் கேள்வி கேட்பார். 11 நவம்பர் 1985-க்குப் பிறகு ஒப்புதல் இல்லாமல் நடந்த வேலைகளுக்குக் கவுன்சிலில் பின்னாலிருந்து ஒழுங்குபடுத்தும் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. ஆனால் அதற்காகப் பூச்சை உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே 28,000 வேண்டாம். அந்தப் பணத்தில் உங்களுக்குக் கிடைப்பது விலை கூடின பரண்.

சரி, இனி படி.

லாஃப்ட் என்றால் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். என் கணக்கில் லாஃப்ட் வேலையில் பாதி, வீட்டின் மாடிப்படியைத் திருத்தும் வேலை. மேலே ஓர் அறை வந்துவிட்டால் உங்கள் வீடு மூன்றடுக்கு வீடாகிறது. இரண்டடுக்கு வீட்டில் தீப்பிடித்தால், முதல் மாடி ஜன்னல் வழியாக எப்படியாவது இறங்கிவிடலாம் என்று இங்கிலாந்தின் விதி ஏற்றுக்கொள்கிறது. வெளியே தரை மட்டத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் போன தளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் லாஃப்ட் தரை ஐந்து மீட்டரைத் தாண்டும். அங்கிருந்து வெளியேற ஒரே வழி படிதான். அந்தப் படி, மேல் அறைக் கதவிலிருந்து தெருக் கதவு வரை, முப்பது நிமிடம் தீயைத் தாங்கும் சுவரும், தீயைத் தடுக்கும் கதவுகளும் சூழ்ந்த ஒரு குழாய் மாதிரி இருக்க வேண்டும். கூடத்தில் தீப்பிடித்தாலும், சமையலறையில் பிடித்தாலும், நீங்கள் அந்தக் குழாய் வழியே புகை படாமல் இறங்கித் தெருவுக்குப் போய்விட வேண்டும்.

இப்போது உங்கள் கூடத்தை நினைத்துப் பாருங்கள். சோஃபாவின் முதுகை ஒட்டித்தான் படி. டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் கருகினால் புகை நேராகப் படியில் ஏறும். புகைக்கு மாடிப்படி புகைபோக்கி மாதிரி, உச்சிக்குத்தான் முதலில் போகும். உச்சியில் படுத்திருப்பது நீங்கள், நடுவில் அம்மாவும் பிள்ளைகளும்.

ஆகவே, எடுத்த சுவர் திரும்பி வர வேண்டும். அதைச் சொன்னதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த விசாலமான கூடத்தைப் பார்த்துத்தான் பலர் வீட்டையே வாங்கியிருப்பார்கள். பழையபடி செங்கல் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் தீ தாங்கும் பிளாஸ்டர்போர்டு அடித்தால் போதும், வாசல் நடைக்கு ஒரு மீட்டர் அகலம் கொடுத்தால் கூடம் அவ்வளவாகச் சுருங்காது. வெளிச்சம் வேண்டுமென்றால் அந்தச் சுவரில் தீ தாங்கும் கண்ணாடி வைக்கலாம், விலை கூடுதல். சுவர் வேண்டவே வேண்டாம் என்றால் தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு என்று ஒரு வழி உண்டு. அதோடு வேறு சில ஏற்பாடுகளும் சேர வேண்டும், கட்டிட ஆய்வாளர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சுவரே மேல் என்பது என் கருத்து. தண்ணீரும் பம்பும் பராமரிப்பும் இல்லாமல் தன்பாட்டுக்கு நிற்கும்.

அதோடு, படியை நோக்கித் திறக்கும் எல்லா அறைக் கதவுகளும் தீக்கதவாக மாற வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு. சமையலறை, கூடம், மூன்று படுக்கையறை, லாஃப்ட் அறை என்று உங்களுக்கு ஆறு கதவு வரும். பில்டர்கள் பெரும்பாலும் முப்பது நிமிடம் தாங்கும் எஃப்.டி. 30 என்ற கதவைத்தான் போடுவார்கள். வீட்டுக்குள் இந்தக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று விதி இல்லை, அதனால் ராத்திரி நீங்களே சாத்திவிட்டுப் படுக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கரண்டில் ஓடும் புகை அலாரம், ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகிற மாதிரி இணைத்தது. சமையலறைக்கு வெப்ப அலாரம் வையுங்கள். அங்கே புகை அலாரம் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், எரிச்சலில் யாராவது அதையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

74,000 கேட்டவரின் விலைப்பட்டியலை வரிவரியாகப் படித்தேன். டார்மர் இருக்கிறது, குளியலறை டைல்ஸ் இருக்கிறது. கீழே சுவர் இல்லை, கதவுகள் இல்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. மேலே மட்டும் பார்த்து விலை போட்டிருக்கிறார். கீழே வந்து பார்க்கச் சொல்லி, அதையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்தப் பழைய சுவரை எடுத்தபோது அதற்கு மேலே பீம் வைத்தார்களா? முன்னால் இருந்தவர்கள் கவுன்சிலில் ஒப்புதல் வாங்கியிருந்தால் பதிவில் இருக்கும். இல்லையென்றால் சீலிங்கில் அந்தக் கோடு ஓடும் இடத்தில் ஒரு கையளவு வெட்டிப் பார்க்க வேண்டும். மேலே பாரம் ஏற்றும் முன் கீழே எது தாங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

புதுப் படிக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா? முதல் மாடித் தரையிலிருந்து லாஃப்ட்டின் புதுத் தரை வரை 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படியின் சாய்வு 42 டிகிரியைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் மிதி 220 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 14 படியாகப் பிரித்தால் ஒரு படி 193 மி.மீ. உயரம் வரும். பதின்மூன்று மிதி, ஒவ்வொன்றும் 220 என்றால் 2.86 மீட்டர் நீளம். அதை இப்போதுள்ள படிக்கு நேர் மேலே அமைப்பதுதான் சிக்கனம். மேலே ஏறி முடியும் இடத்தில் தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும். லாஃப்ட்டுக்கு மட்டும், இடமே இல்லாதபோது, படியின் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். பின்பக்கம் டார்மர் எழுப்பச் சொல்வதே பெரும்பாலும் இதற்காகத்தான், அறை பெரிதாவது அதன் கூட வரும் லாபம். படி தொடங்கும் இடத்துக்காக முன் படுக்கையறையில் ஒரு மூலையை நீங்கள் இழக்க நேரலாம். அங்கே அலமாரி இருந்தால் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கால், வலது கால் என்று மாறி மாறி மிதியை வெட்டிய ஒடுக்கமான படி ஒன்றையும் சிலர் காட்டுவார்கள். இடமே இல்லாத வீட்டில் ஒரே ஓர் அறைக்கும் அதன் குளியலறைக்கும் என்றால் விதி அதை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டில் இடம் இருக்கும்போது எதற்கு? துணிக் கூடையோடு அதில் இறங்கிப் பாருங்கள் என்பேன்.

இனி கூரை. உங்கள் 2.45 மீட்டர் நல்ல அளவு. 2.2-க்குக் கீழே என்றால் நான் யோசிக்கச் சொல்லியிருப்பேன். பழைய சட்டங்களைத் தொடாமல், அவற்றுக்கு நடுவே 195 மி.மீ. உயரச் சட்டங்களைப் புதிதாகப் போடுவார்கள். கீழ் சீலிங்கில் படாமல் 25 மி.மீ. தூக்கிப் போடுவதால், பலகையும் சேர்த்துப் புதுத் தரை இப்போதைய சட்டத்தின் மேல்முனையைவிட 14 செ.மீ. போல உயரும். மேலே டார்மரின் தட்டைக் கூரையும் அதன் வெப்பக் காப்பும் இன்னொரு 20 செ.மீ. போல எடுக்கும். ஆக உங்களுக்கு நிற்க ஏறத்தாழ 2.1 மீட்டர் மிஞ்சும். உங்கள் கணவர் ஆறடி என்றால் தாராளம், சீலிங் ஃபேன் மட்டும் ஆசைப்படாதீர்கள்.

படங்களில் தெரிவது கைமரமும் குறுக்கு உத்திரமுமாகத் தச்சர் அங்கேயே வெட்டிச் சேர்த்த பழைய கூரை. அது உங்கள் அதிர்ஷ்டம். 1960-களுக்குப் பிறகு வந்த பல வீடுகளில் தொழிற்சாலையில் செய்த மெல்லிய மரச்சட்டங்கள் ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். அதில் ஒன்றை வெட்டினாலும் கூரையே தளரும், செய்யலாம் என்றாலும் செலவு வேறு. உங்கள் வீட்டில் உத்திரத்தைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளை எடுத்துவிட்டு, பக்கத்துச் சுவருக்குச் சுவர் ஸ்டீல் பீம் போட வேண்டியிருக்கும். பீம் நிற்கும் வரை ஒரு கட்டையைக்கூட எடுக்க விடாதீர்கள்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. நான்காவது படத்தில் முன்பக்க உத்திரம் நடுவில் தொய்ந்திருக்கிறது. வீடு கட்டியபோது மேலே ஸ்லேட் கல் பலகை போட்டிருப்பார்கள். இப்போது இருப்பது கான்கிரீட் ஓடு, அதைவிடக் கனம். மாற்றியவர்கள் கீழே பலப்படுத்தவில்லை, மரம் அந்தக் கனத்தில் தொய்ந்துவிட்டது. பயப்படும்படி இல்லை, ஆனால் முன் சரிவின் கைமரங்களையும் எஞ்சினியரின் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், பின் டார்மரோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது, ஐந்தாவது படத்தில் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் கூரைக்குள் அரைச் செங்கல் தடிமனில், நாலரை அங்குலம்தான், ஏறுவது போலத் தெரிகிறது. மேலே ஒரு மூலையில் செங்கல்லே இல்லை, இருட்டுத்தான் தெரிகிறது. அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு லாஃப்ட் தெரியும், புகையும் வரும். அதை அடைத்தே ஆக வேண்டும், பீம் அந்த மெல்லிய சுவரில் உட்காருமா, கீழே முழுத் தடிமன் இருக்கும் இடத்துக்கு இறக்க வேண்டுமா என்பதையும் எஞ்சினியர் நேரில் வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பொதுச் சுவரில் பீம் ஏற்ற 1996-ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம் இருக்கிறது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் அவர்கள் சம்மதம் எழுதித் தராவிட்டால் தகராறு என்று எடுத்துக்கொண்டு, சர்வேயர்கள் வருவார்கள், பெரும்பாலும் அந்தக் கட்டணம் உங்கள் தலையில். அதனால் கடிதம் போகும் முன் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். படத்தைக் காட்டி, எத்தனை வாரம் சத்தம் இருக்கும் என்று சொல்லுங்கள். அவர்கள் வீட்டுச் சுவரையும் சீலிங்கையும் வேலைக்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்வோம் என்றும் சொல்லுங்கள், அது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. ஒருபக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவிப்பு வீட்டு உரிமையாளருக்குப் போக வேண்டும், வாடகைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதாது.

கவுன்சில் திட்ட அனுமதி உங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. ஒட்டு வீடுகளுக்குக் கூரையில் 40 கன மீட்டர் வரை கூட்டிக்கொள்ளப் பொது அனுமதி இருக்கிறது, தனி விண்ணப்பம் தேவையில்லை. உங்கள் பின் டார்மர் 4.8 மீட்டர் அகலம் என்றாலும் அந்த அளவைத் தொடாது. தெருவைப் பார்த்த முன் சரிவில் டார்மர் கூடாது, முகட்டைவிட உயரக் கூடாது, கூரை விளிம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், பால்கனி கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றாலோ, வீடு ஃபிளாட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தாலோ இது செல்லாது. இருந்தாலும் சட்டப்படி சரி என்ற சான்றிதழைக் கவுன்சிலில் வாங்கி வையுங்கள். கட்டிட விதிமுறை ஒப்புதல் வேறு, அது கட்டாயம். அதற்கு முழு வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகு வேலை தொடங்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். வெறும் அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தொடங்கினால், பாதியில் ஆய்வாளர் வந்து கீழே சுவர் எங்கே என்று கேட்பார். அப்போது கூரை திறந்து கிடக்கும்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. லண்டன் குளிர் ஊர்தானே என்று நினைக்காதீர்கள். 19 ஜூலை 2022 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் ஓட்டுக்கடியில் இருக்கும் அறை எப்படி இருக்கும் என்று ஊரில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முன் சரிவில் ஒன்று, பின் டார்மரில் ஒன்று என எதிரெதிராகத் திறக்கும் ஜன்னல் வையுங்கள், காற்று ஓடட்டும். கூரை ஜன்னலுக்கு வெளிப்பக்கத் திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நிற்கும், உள்பக்கத் திரை அந்த வேலையைச் செய்யாது. வெப்பக் காப்புக்கும் ஓட்டுக்கடியில் உள்ள பழைய தார்த் தாளுக்கும் நடுவில் 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விடுகிறார்களா என்று போர்டு அடிக்கும் முன் நீங்களே ஏறிப் பாருங்கள். அவசரத்தில் வெப்பக் காப்பு அட்டையை அடைத்துத் தள்ளிவிடுவார்கள். இரண்டு குளிர்காலம் கழித்துக் கைமரம் கறுத்து, பூஞ்சை வாசனை வரும்போதுதான் தெரியும்.

விலையில் இன்னும் கொஞ்சம். 74,000-இல் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா, சாரமும் மழைக்குத் தற்காலிகக் கூரையும் சேர்ந்திருக்கிறதா, எஞ்சினியர் கட்டணமும் ஆய்வுக் கட்டணமும் யார் கணக்கு என்று கேளுங்கள். வெறும் தார்ப்பாய் என்று சொன்னால், மழை இறங்கிக் கீழ்ச் சீலிங் விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், முடிவுச் சான்றிதழ் கைக்கு வரும் வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். சுவரும் கதவும் சேர்ந்தால் தொகை கூடும். அது கைக்கு மீறினால் குளியலறையைத் தள்ளிப் போடுங்கள், குழாய் மட்டும் இப்போதே விட்டு வைக்கலாம். படியிலும் சுவரிலும் கை வைக்காதீர்கள்.

கூரைக்குள் எடுத்த படம் ஒன்றில் பழைய தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. மூடி பழுப்புச் சாம்பல் நிற அட்டை மாதிரி இருப்பதால், அது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று சோதனை செய்யும் வரை உடைக்கவோ நகர்த்தவோ வேண்டாம். வௌவால் எச்சம் கண்ணில் பட்டாலும் வேலையை நிறுத்திக் கேளுங்கள். பிரிட்டனில் எல்லா வௌவாலும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

சனிக்கிழமை டேப்பை எடுத்து எனக்கு மூன்று அளவு அனுப்புங்கள். முதல் மாடித் தரையிலிருந்து சீலிங் உயரம். இப்போதுள்ள படியின் மேல்முனையிலிருந்து முன் படுக்கையறைக் கதவு வரை உள்ள தூரம். கீழே வாசல் கதவின் சட்டத்திலிருந்து சீலிங்கில் தெரியும் அந்தக் கோடு வரை உள்ள அகலம். இதை வைத்துப் படியை ஒரு தாளில் வரைந்து அனுப்புகிறேன், அதையே பில்டரிடம் காட்டலாம். அதே டேப்பால் உங்கள் பின்னறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அம்மாவின் பூஜை அலமாரி நிற்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.